‘இதுக்கு இனிமே எதுவும் செட் ஆகாது’

பத்து வருடம் உழைத்த ஒரு சிபியூ பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த ஊர்க் கம்ப்யூட்டர் கடைக்கு வேண்டுமானாலும் போங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்த கையோடு தீர்ப்பு வந்துவிடும்: “இது பழைய போர்டு சார். இதுக்கு இனிமே எதுவும் செட் ஆகாது. புதுசா ஒண்ணு எடுத்துக்கோங்க.” மென்பொருள் வேலையில் இருக்கும் அண்ணன் மகனும் இதையே சொல்கிறான். அலுவலகத்து ஐடி பிரிவும் இதையே எழுதி அனுப்புகிறது. இத்தனை பேர் சொல்வதால் இது ஆராய்ந்து கண்ட உண்மை போலத் தோன்றுகிறது. சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைப் படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

படிக்காமல் சொல்லும் இந்தத் தீர்ப்பு தவறு. அபூர்வமாக எங்கோ ஒன்றிரண்டு சிஸ்டங்களுக்குத் தவறு என்று நான் சொல்லவில்லை. 2011க்குப் பிறகு வாங்கிய மேசைக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இது தவறு. இதை நம்பிப் பணத்தை இழப்பவர்கள் வசதியானவர்களும் அல்ல. டிடிபி வேலை செய்து குடும்பம் நடத்துபவர், பிள்ளையின் படிப்புக்காகக் கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் எடுத்தவர், பத்து சிஸ்டத்தை வைத்துக்கொண்டு ஆய்வகம் நடத்தும் சிறிய பள்ளி ஆகியோர்தான் ‘எல்லாம் பழசு’ என்ற ஒற்றை வார்த்தையில் முழுத் தொகையையும் மறுபடி கட்டுகிறார்கள்.

நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிஸ்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2012 வாக்கில் அசெம்பிள் செய்தது. இன்டெல் எச்61 சிப்செட் போர்டு, ஐ3-2120 ப்ராசசர், 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தாலும் டெஸ்க்டாப் முழுதாக வந்திருக்காது. பிரவுசரைத் திறந்தால் மவுஸ் நின்றுவிடும். உடனே ப்ராசசர் பழசாகிவிட்டது என்கிறார்கள்.

அந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி செகண்ட் ஆகிறது. தேவையான இடம் தலைக்கு அடியில் வர, சராசரியாக அதில் பாதி. அதற்கு முன்னால் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஏறக்குறைய எட்டு, ஒன்பது மில்லி செகண்ட். ஆக ஒரு சிறு தகவலை எடுக்கவே 12, 13 மில்லி செகண்ட் போய்விடும். ஒரு விநாடிக்குச் சுமார் 80 முறைதான் எடுக்க முடியும். வின்டோஸ் தொடங்கும்போது படிப்பவற்றில் பெரும்பகுதி அங்கங்கே சிதறிக் கிடக்கும் 4 கேபி அளவுத் துணுக்குகள். 80 முறை, முறைக்கு 4 கேபி என்றால் விநாடிக்கு 320 கேபி. ஒரு எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் கிடையாது, நகரும் தலையும் கிடையாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட இதே வேலையை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை செய்யும். அந்த ஐ3 ப்ராசசர் இத்தனை வருடமும் மெதுவாக வேலை செய்யவில்லை. தகவல் வந்து சேராமல் காத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள். எச்61 சிப்செட்டில் இருப்பது சாட்டா 2. இன்றைய எஸ்எஸ்டிக்கு சாட்டா 3 வேண்டும். பாதி வேகம்தான் வரும், காசு வீண் என்பார்கள். உண்மையான தகவலிலிருந்து எடுத்த தவறான முடிவு இது. எச்61 போர்டில் விநாடிக்கு 6 கிகாபிட் சாட்டா இல்லை, 3 கிகாபிட்தான் உண்டு என்பது சரி. பெரிய சினிமாக் கோப்பு ஒன்றை நகலெடுத்தால் 550 எம்பிக்குப் பதிலாக ஏறக்குறைய 280 எம்பி வேகம்தான் வரும். ஆனால் சிதறிய 4 கேபி துணுக்குகளை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது சாட்டா எஸ்எஸ்டி எட்டுவதே 20, 30, 40 எம்பி அளவுதான். 280 என்ற வரம்பை அது நெருங்குவதே இல்லை. இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் உணரும் வேகம் இந்த இரண்டாவது வகை. சாட்டா 2 என்ற காரணத்தைச் சொல்லி எஸ்எஸ்டி போட வேண்டாம் என்பவர், விளம்பரத்தில் இருக்கும் எண்ணைப் படிக்கிறார். அந்த மேசையில் நடக்கும் வேலையைப் பார்க்கவில்லை.

‘பாட்டில்நெக்’ என்று இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் சொல்லும் இப்படித்தான் பயன்படுகிறது. புது உதிரி பாகம் முழு வேகத்தில் ஓடாவிட்டால் அதை வாங்குவதே வீண் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். எந்தக் கணினியிலும், நேற்று வாங்கிய கணினியிலும், ஏதோ ஒரு பாகம் மற்றதற்காகக் காத்திருக்கும். முன்பு ஆன நேரத்தைவிட எவ்வளவு குறைகிறது, அதற்கு எவ்வளவு செலவு என்பதுதான் கேட்க வேண்டியது.

அடுத்தது ராம். பொருந்தாது என்ற பேச்சில் நியாயம் கொஞ்சம் அதிகமாக இருக்கும் இடம் இது. டிடிஆர்3க்கு 240 பின்கள், 1.5 வோல்ட். டிடிஆர்4க்கு 288 பின்கள், 1.2 வோல்ட். டிடிஆர்5க்கும் 288 பின்கள்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, மின்னழுத்தம் 1.1 வோல்ட். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரவே உட்காராது. அந்த அளவில் குழப்பத்துக்கு வழியில்லை, வெட்டே தடுத்துவிடும். உட்கார்ந்தும் வேலை செய்யாதவைதான் ஆபத்து. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராம் விலை மலிவாகக் கிடைக்கும். சாதாரண போர்டில் அது ஓடாது. ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று சின்ன எழுத்தில் போட்டு விற்கும் 8 ஜிபி டிடிஆர்3 ராம்கள் இன்னொரு வகை. அவற்றின் சிப் அமைப்பு இன்டெல் போர்டுகளுக்கு ஒத்துவராது. ஆன்லைனில் வாங்கிப் போட்டுவிட்டுத் திரை வராமல் திகைப்பவர்களில் பலர் இதில் மாட்டியவர்கள். அந்த ராம் ஓடாததற்கு போர்டின் வயது காரணமில்லை. வாங்கும்போது அந்தச் சின்ன எழுத்தைப் படித்திருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் காட்டுகிறது, போர்டு ஏற்கவில்லை என்று புது ராமைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சிஸ்டத்தில் இருப்பது 32 பிட் வின்டோஸா என்று யாரும் பார்ப்பதில்லை. நம் கடைகளில் வின்டோஸ் 7ஐ 32 பிட்டாகவே போட்டுக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 32 பிட் வின்டோஸ் எத்தனை ராம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் போகாது. 64 பிட்டை நிறுவினால் அதே போர்டு எட்டையும் காட்டும். எச்61 போர்டுகளில் இரண்டு ஸ்லாட்டில் 8 ஜிபி வீதம் 16 ஜிபி வரை ஏற்பவை ஏராளம். ஒரே 8 ஜிபி போடுவதைவிட இரண்டு 4 ஜிபியை ஜோடியாகப் போடுவது நல்லது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் திரைக்கு வேண்டிய நினைவகமும் இந்த ராமிலிருந்தே போவதால், இரண்டு சேனலிலும் ராம் இருந்தால் அதன் பலன் கண்ணுக்குத் தெரியும்.

ப்ராசசருக்கு வருவோம். ‘இன்டெல் சாக்கெட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறது, எதைப் போடுவது?’ என்று கைவிரிப்பது சுலபம். ஆனால் சாக்கெட்டுக்குள்ளேயே ஏறுவதற்கு இடம் இருக்கிறது. எல்ஜிஏ1155 சாக்கெட்டில் இரண்டாம் தலைமுறையும் மூன்றாம் தலைமுறையும் உட்காரும். இரண்டு கோர், நான்கு த்ரெட் உள்ள ஐ3-2120 இருந்த இடத்தில் நான்கு கோர், எட்டு த்ரெட் உள்ள ஐ7-3770 உட்காரும். மின் தேவை 65 வாட்டிலிருந்து 77 வாட்டுக்குத்தான் உயர்கிறது. அலுவலகங்கள் கழித்துப் போட்ட சிஸ்டங்களிலிருந்து வரும் இத்தகைய ப்ராசசர்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன.

ஒரு நிபந்தனை உண்டு, அதை மறைக்கக் கூடாது. எச்61 உள்ளிட்ட 6 வரிசை சிப்செட் போர்டுகளில் பலவற்றுக்கு, மூன்றாம் தலைமுறையை அடையாளம் காண பயாஸ் புதுப்பிப்பு வேண்டும். அதையும் பழைய ப்ராசசர் சாக்கெட்டில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். புதியதை மாட்டிவிட்டுத் திரை வரவில்லை என்று தேடினால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். புதுப்பிக்கும்போது யூபிஎஸ் இல்லாமல் செய்யக் கூடாது. பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். கடைக்காரர்கள் இந்த வேலையைத் தட்டிக் கழிப்பதற்கு இதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். அரை மணி நேர வேலை, பொறுப்பு அதிகம், கூலி குறைவு. அது நியாயமான கவலை. அப்படியானால் ‘எனக்கு இது கட்டுப்படியாகாது’ என்று சொல்லட்டும். ‘இது செட் ஆகாது’ என்று சொல்வது வேறு விஷயம்.

ஏஎம்டி பக்கம் போனால் கைவிரிப்புக்கு இன்னும் குறைவாகவே இடமிருக்கிறது. 2017இல் முதல் ரைசன் வந்தபோது வாங்கிய ஏ320 அல்லது பி350 போர்டுகளில் பல, தயாரிப்பாளர் பயாஸ் வெளியிட்டிருந்தால், 2022இல் வந்த ரைசன் 5 5600ஐ ஏற்கும். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். ஆனால் இந்தப் ப்ராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. இதுவரை ரைசன் 3 2200ஜி வைத்து போர்டிலிருந்தே மானிட்டருக்கு ஒயர் கொடுத்தவர் 5600ஐப் போட்டால் திரை வராது; அவர் 5600ஜி தேட வேண்டும். இந்த ஒரு எழுத்தைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, போர்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். சில போர்டுகளில் புது பயாஸ் போட்டதும் மிகப் பழைய ப்ராசசர்களுக்கான ஆதரவு போய்விடும் என்பதையும் முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாம் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த போர்டின் பக்கத்தில், சிபியூ சப்போர்ட் பட்டியலில், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து எந்தப் ப்ராசசர் என்று வரிவரியாகப் போட்டிருக்கிறது. போர்டின் பெயர் தெரியாது என்பவர் வின்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பார்க்கலாம், அல்லது சிபியூ-இசட் என்ற இலவசக் கருவியில் பார்க்கலாம். அதுவும் வேண்டாமென்றால் ராம் ஸ்லாட்டுக்கும் கார்டு ஸ்லாட்டுக்கும் நடுவில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை டார்ச் அடித்துப் படிக்கலாம்.

எஸ்எம்பிஎஸ் பற்றி மட்டும் எதிர்த்தரப்பைவிட நான் கடுமையாகவே பேசுவேன். பழைய சிஸ்டத்தில் வாங்கும் முதல் பாகம் பல நேரம் இதுவாக இருக்க வேண்டும். கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் வெளியே 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 வோல்ட்டில் அது தருவது 192 வாட்தான். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பிழைப்பது இந்த 12 வோல்ட்டில். நேர்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 36 ஆம்பியர் பக்கம் எழுதியிருக்கும். புதிய கார்டு போட்டதும் சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, ‘பழைய போர்டு தாங்கவில்லை’ என்று கேட்கும்போதெல்லாம் முதலில் இந்த ஸ்டிக்கரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் விஷயத்தில் பயப்பட வேண்டியது குறைவு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 2, 3, 4 ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். வேகம் மட்டும் இரண்டில் குறைந்ததற்கு இறங்கும். ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கிடைக்கும். ஜிடி 1030 போன்ற 30 வாட் கார்டுக்கும், தனி மின் இணைப்பு இல்லாத ஜிடிஎக்ஸ் 1650 மாடல்களுக்கும், 2024இல் வந்த 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிக்கும் அதுவே போதும். விதிவிலக்குகள் உண்டு. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் நான்கு லேன்தான் இணைந்திருக்கிறது. பதினாறு லேன் உள்ள பழைய ஸ்லாட்டிலும் அது நான்கைத்தான் பயன்படுத்தும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2இல் அது விநாடிக்கு 2 ஜிபியாகச் சுருங்கிவிடும். பழைய போர்டுக்கு அந்தக் கார்டை விற்பவர் வாங்குபவரை ஏமாற்றுகிறார். இன்டெல்லின் ஆர்க் கார்டுகளும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டில் போட வேண்டியவை அல்ல. இப்படி விலக்க வேண்டியவை நான்கைந்து இருப்பதால் மற்ற எல்லாம் பொருந்தாது என்றாகிவிடாது.

அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் பிராண்டட் பெட்டிகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்றவற்றில் 24 பின் இணைப்புக்குப் பதிலாக 8 பின் வைத்திருக்கிறார்கள். எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1 போன்றவற்றில் 6 பின். கடையில் விற்கும் எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது. மாற்று ஒயர் வேண்டும். சிறிய பெட்டி என்றால் அரை உயரக் கார்டுதான் உள்ளே போகும். இந்தத் தடைகள் இயற்கையாக ஏற்பட்டவை அல்ல. ஆனாலும் இத்தகைய பெட்டிகளுக்கு எஸ்எஸ்டியும் ராமும் மாற்றுவதில் எந்தச் சிக்கலும் கிடையாது, பெரும்பாலானோருக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு கோடு இருக்கிறது. எல்ஜிஏ775 சாக்கெட்டில் கோர் 2 டுவோவும் டிடிஆர்2 ராமும் இருந்தால் அதில் பணம் போடச் சொல்ல மாட்டேன். இன்றைய பெரிய விளையாட்டுகள் ஆட வேண்டும், 4கே வீடியோ எடிட் செய்ய வேண்டும் என்றால் எச்61 உதவாது. வீங்கிய கபாசிட்டர்கள் தெரியும் போர்டையும் விட்டுவிடலாம். ஆனால் ‘பழைய போர்டு எந்த நேரமும் போய்விடும்’ என்ற பயம் 2000களின் தொடக்கத்தில் திரவம் கசிந்த கபாசிட்டர்களோடு வந்த போர்டுகளைப் பார்த்து வந்தது. அதன் பின் சில வருடங்களில் திட பாலிமர் கபாசிட்டர்கள் பரவலாகிவிட்டன. 2012 போர்டைப் பார்த்து 2003இன் நோயைச் சொல்வது சரியில்லை. தேதி மாறிக்கொண்டே இருக்கிறது, பிரவுசரில் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது என்று கொண்டுவரும் சிஸ்டத்துக்கு வேண்டியது ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரிதான். ஃபேன் இரைகிறது, கொஞ்ச நேரத்தில் மந்தமாகிறது என்றால் தூசியைத் தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்ற வேண்டும். சூடு ஏறினால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். இவற்றை எல்லாம் ‘வயசாயிடுச்சு’ என்ற கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

பொருத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பார்க்க மறுக்கும் இன்னொரு பக்கம் இருக்கிறது. பழைய சிஸ்டம் அது ஓடும் கடையோடும் பொருந்தியிருக்கிறது. தமிழ் டிடிபி சென்டர்களில் 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7 இன்னும் உயிரோடு இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த கல்யாணப் பத்திரிகைகளும் வினாத்தாள்களும் கோயில் நோட்டீஸ்களும் அந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. பில் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பின்னால் இருக்கும் பேரலல் போர்ட்டில் ஓடுகிறது. பழைய ஸ்கேனருக்குப் புது வின்டோஸில் டிரைவர் கிடையாது. இப்படி ஒரு கடைக்குப் புது சிஸ்டம் வாங்கச் சொல்கிறவர், ஒரு பெட்டிக்கு விலை சொல்லிவிட்டு, பிரிண்டரையும் ஸ்கேனரையும் பத்து வருடக் கோப்புகளையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார். புதுப் பெட்டி வந்த பிறகுதான் எதுவும் எதனோடும் ஒட்டவில்லை என்பது தெரியும். எஸ்எஸ்டியும் ராமும் போட்ட அதே பழைய சிஸ்டத்தில் இத்தனையும் அப்படியே நடக்கும். பழைய டிஸ்க்கை முழுதாக எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தால் எழுத்துரு ஒன்றைக்கூட மறுபடி நிறுவ வேண்டியதில்லை. பொருந்தாமை என்று ஒன்று இருந்தால், இந்தக் கடையைப் பொறுத்தவரை அது புதிய பெட்டியோடுதான் உள்ளே வருகிறது.

மின்சாரச் செலவு என்பார்கள். புது சிஸ்டத்தைவிடப் பழையது 30 வாட் கூடுதலாகச் சாப்பிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 72 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டாலும் 576 ரூபாய். புதுப் பெட்டியின் விலையை இந்த மிச்சத்திலிருந்து எடுக்க எத்தனை வருடம் ஆகும் என்பதை விற்பவரே கணக்குப் பார்க்கட்டும். புதுப் பெட்டியைத் தயாரிக்கும்போது ஆகும் செலவை யாரும் சேர்ப்பதுமில்லை. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வு, அன்றைய ஒரு மேசைக் கணினியையும் அதன் மானிட்டரையும் தயாரிக்கக் குறைந்தது 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 1,500 கிலோ தண்ணீரும் தேவைப்பட்டதாகக் கணக்கிட்டது. உலகம் 2022இல் தூக்கிப் போட்ட மின்கழிவு 6.2 கோடி டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்.

இன்று எல்லோரும் கடைசியாக வந்து நிற்பது வின்டோஸ் 11இல். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. வின்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பின் வந்தது வேண்டும். அதனால் பழைய சிஸ்டத்தின் கதை முடிந்தது என்கிறார்கள். முதலில், எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருந்தும் ‘தகுதியில்லை’ என்று செய்தி வருவதைப் பார்த்துப் புதிதாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு பயாஸில் டிபிஎம்மையும் செக்யூர் பூட் வசதியையும் இயக்கினால் போதும். ஏ320 போர்டில் முதல் தலைமுறை ரைசன் வைத்திருப்பவர், நான் மேலே சொன்னபடி ப்ராசசரை மட்டும் மாற்றினால் தகுதி வந்துவிடும். டிபிஎம் ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது. எச்61காரருக்கு அந்த வழி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அவருக்கு வின்டோஸ் 10இன் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை. அதற்குப் பின் பிரவுசரும் பாடமும் தட்டச்சும் மட்டுமே வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போதும். தமிழ்99 விசைப்பலகை அதிலும் இருக்கிறது. பேஜ்மேக்கர் கடைக்காரர் அந்த ஒரு சிஸ்டத்தை இணையத்திலிருந்து பிரித்து வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். அச்சகத்துக்குக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோகும் பழக்கம் எப்போதும் உள்ளதுதான்.

ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் நடுவில் போட்ட கோட்டை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏனென்றால் ‘பொருந்தாது’ என்பதன் முழுக் கதையும் அங்கே இருக்கிறது. இன்டெல்லின் ஏழாம் தலைமுறை மேசைக் கணினிப் ப்ராசசர்களும் இசட்270 போர்டுகளும் 2017 ஜனவரியில் வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தது. சாக்கெட் அதே எல்ஜிஏ1151. பின்களின் எண்ணிக்கையும் அதே. ஆனால் ஒன்பது மாதம் முன்பு வாங்கிய போர்டில் அது ஓடாது, 300 வரிசை சிப்செட் வேண்டும் என்றார்கள். கூடுதல் கோர்களுக்கு மின்சாரம் தரும் அமைப்பை மாற்றியிருக்கிறோம் என்பது நிறுவனம் சொன்ன காரணம். பயாஸை மாற்றி எழுதி, ஓரிரு பின்களை மறைத்து, ஆர்வலர்கள் அதே ப்ராசசர்களைப் பழைய இசட்170, இசட்270 போர்டுகளில் ஓட்டிக் காட்டினார்கள். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயற்பியல் தடுத்தது என்று சொல்லப்பட்ட இடத்தில் தடுத்தது ஒரு முடிவு என்பதை அது காட்டிவிட்டது.

ஏஎம்டியும் இதையே செய்யப் பார்த்தது. 2020 மே மாதம், வரப்போகும் ரைசன் 5000 வரிசைக்கு 500 வரிசை சிப்செட் போர்டுகள்தான் ஆதரவு தரும் என்று அறிவித்தது. பல போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பிதான், இத்தனை ப்ராசசருக்கும் அதில் இடமில்லை என்று காரணம் சொன்னது. பி450, எக்ஸ்470 போர்டுகளை வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதே மாதத்திலேயே நிறுவனம் பின்வாங்கியது. 2022இல் 300 வரிசை போர்டுகளுக்கும் கதவு திறந்தது. இடமில்லை என்று சொன்ன அதே சிப்பில் இடம் கிடைத்தது. ‘செட் ஆகாது’ என்று 2020இல் அந்தப் போர்டை விற்றுவிட்டுப் புதியது வாங்கியவர் அவசியமில்லாமல் வாங்கினார்.

இதற்கு நேர்மாறானது 2019 நவம்பரில் நடந்தது. இன்டெல் தானே தயாரித்து விற்ற பழைய மேசைக் கணினி போர்டுகளுக்கான பயாஸ் கோப்புகளையும் டிரைவர்களையும் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. நம் பக்கத்தில் பரவலாக ஓடிய டிஎச்61டபிள்யூடபிள்யூ போன்ற போர்டு வைத்திருப்பவர் மூன்றாம் தலைமுறைப் ப்ராசசர் போட வேண்டுமென்றால் அந்தக் கோப்புதான் வழி. சில மெகாபைட் அளவுள்ள கோப்பு அது. தயாரித்தவரிடம் இல்லாததால், யாரோ சேமித்து ஏற்றி வைத்த பிரதியை நம்பி, அது சுத்தமானதா என்று தெரியாமலே போர்டில் எழுத வேண்டிய நிலை.

நம் வாதம் போய்ச் சேர வேண்டிய இடம் கடைக்காரரின் மேசை மட்டும் இல்லை. போர்டு விற்ற நிறுவனம் அதன் கடைசி பயாஸையும் சிபியூ சப்போர்ட் பட்டியலையும் நிரந்தரமாகத் தளத்தில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கலாம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் கழித்த பெட்டியை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. கழிக்காமல் வைத்திருக்கத் தேவையான கோப்பையும் அவர்மேல் வைப்பதில் என்ன தடை? நம் ஊர்க் கடைகள் ‘மதர்போர்டு - 1’ என்று பில் எழுதுவதை நிறுத்தி, மாடல் எண், பதிப்பு எண், பயாஸ் பதிப்பு, எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் ஆம்பியர் நான்கையும் எழுதித் தர வேண்டும். அசெம்பிள் சிஸ்டம் வாங்கப் போகும்போது அந்த நான்கும் பில்லில் ஏறும் வரை பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.